மை உறையாமல்

முப்பத்தேழாம் ஆண்டு, சனவரி ஐந்து.
காமா நதி கல்லாகிக் கிடந்தது.
மைக்கூட்டை மேலங்கிக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு
மர ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனேன்.
அரசாங்கம் தன் மக்களை எண்ணிய இரவு.
எனக்குப் பத்தொன்பது வயது.
கையில் நாற்பத்தொரு பேருக்கான படிவங்கள்.

பெயர், வயது, தாய்மொழி:
ரொட்டி வெட்டுவதுபோல் சுலபமாகப் போயிற்று.
பிறகு அந்தக் கேள்வி.
விசுவாசியா, இல்லையா?
விசுவாசி என்றால், எந்த மதம்?

குரலை ஏற்றாமல் இறக்காமல் கேட்கப்
பயிற்சி தந்திருந்தார்கள்.
ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும்
அடுப்பில் கெண்டி மட்டும் பேசும்.

முதல் அறைக்காரர் சிரித்தார்:
"அடுப்பை நம்புகிறேன், எழுதிக்கொள்."
'இல்லை' என்று எழுதினேன்.
அடுத்த அறையில் ஒருத்தி, குழந்தைக்குப் பாலூட்டியபடி,
"உங்களுக்கு எது நல்லதோ அதைப் போடுங்கள்" என்றாள்.
மறுநாள், பழைய நாட்காட்டிப்படி, கிறிஸ்துமஸ் முன்னிரவு.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
மேசைக்கடியில் கிண்ணம் கிண்ணமாகக்
கோதுமை ஊறிக்கொண்டிருந்தது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

ஏழாம் அறையில் லுக்கியான்,
ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர்.
கேள்வி முடியுமுன்னே "இல்லை" என்றார்,
சுடுசட்டியைக் கீழே வைக்கிறவரின் அவசரத்தோடு.
நவம்பரில் அவர் தம்பியைக் கொண்டுபோயிருந்தார்கள்.

மனைவி கிளஃபீரா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
"என்னைக் கேள்."
கேட்டேன்.
"விசுவாசி. ஆர்த்தடாக்ஸ்."
கத்தி நிற்கவில்லை.
தோல் அறுபடாமல் நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

வீரம் என்று ஒன்றும் இல்லை.
கடையில் உப்பு கேட்கிற குரல்.
லுக்கியான்தான் சுவரைப் பார்த்தார்:
படம் மாட்டியிருந்த இடத்தில்
புகை படியாத ஒரு சதுரம்.

"அவளுக்குத் தலைவலி, தோழர். அவள் சொன்னதை..."

"என் தலை நன்றாகத்தான் இருக்கிறது.
ஆண்டவரிடம் தினமும் இருட்டில் பேசுகிறேன்.
அவருக்குத் தெரிந்தால் போதாதா என்று
இருபது வருடம் என்னையே கேட்டுப் பார்த்தேன்.
நேசிக்கிற ஒருவர் தெருவில் எதிரே வருகிறார்,
யாரோ என்று கடந்துபோகிறேன்.
ராத்திரி எந்த முகத்தோடு அவரிடம் பேச?"

உள்ளே கிடந்தவரை உண்மை.
வாய்க்கு வந்து வாய்மையாயிற்று.
இனி அதற்கு விலை கொடுக்கவேண்டியது
மெய்.

எழுதினேன்.
என் எழுத்து எப்போதையும்விடச் சிறிதாக விழுந்தது.

படியிறங்கும்போது பின்னால் காலடி.
வெறும் சட்டையோடு லுக்கியான், பனியில்.
அவளுடைய வரியை மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன்.
"என்னுடையது..." என்றார்.
வாயிலிருந்து மூச்சு மட்டும் வெள்ளையாய் வந்தது.
"நீ எழுதினது... காய்ந்துவிட்டதா?"

அந்தக் குளிரில் மை காயாது.
"காய்ந்துவிட்டது" என்றேன்.

அவரைக் காப்பாற்றவா,
அடித்தல் திருத்தல் இல்லாத படிவத்துக்காகவா,
எனக்கு இன்றும் தெரியவில்லை.
அவர் தலையாட்டிவிட்டு மேலே போனார்.
எங்கோ ஒரு கொட்டிலில், நேரம் தப்பி,
சேவல் ஒன்று கூவியதாக எழுதினால் அழகாக இருக்கும்.
கூவவில்லை.
ஆலைச் சங்குதான் ஊதியது.

அந்தக் கணக்கின் அறிக்கையை
அரசாங்கம் வெளியே விடவில்லை.
எண்ணிக்கை பிடிக்கவில்லை,
எண்ணியவர்களில் சிலரைக் காணோம்.
கிளஃபீராவின் அறிக்கை மட்டும் அன்றே வெளியாகிவிட்டது:
ஓர் அறை, மூன்று பேர், ஒரு வாளித் தோல்.

கடைசிப் படிவம் என்னுடையது.
என் அறைக்கு வந்து விளக்கை ஏற்றினேன்.
பெயர் எழுதினேன். ரிம்மா. வயது எழுதினேன்.
அடுத்த கட்டங்களையும் நிரப்பினேன்.
பிறகு பேனாவை வைத்துவிட்டு
மைக்கூட்டை இரு கைகளுக்குள் பொத்தி
ஊதிக்கொண்டிருந்தேன்,
வெகுநேரம்.